புயல் பை: கட்டிவைத்துவிட்டு மறந்துபோகிறவர்களுக்கு

போன புரட்டாசியில் பக்கத்துத் தெருத் தம்பி ஒருவன், "அண்ணே, பை ரெடி, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். இணையத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியிருந்தான். திசைகாட்டி, தீமூட்டும் கல், பாராசூட் கயிறு, பதினோரு வேலை பார்க்கும் கத்தி. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வேதாரண்யத்தில் கடல் இருக்கிற பக்கம் கிழக்கு என்று சிறுபிள்ளைக்கும் தெரியும். கோடியக்கரைக்காரர்களுக்குத் தெற்கிலும் கடல் உண்டு, அவர்கள் வேண்டுமானால் கொஞ்சம் குழம்பலாம். நாம் காட்டுக்குள் வழி தவறப்போவதில்லை. புயல் வந்தால் அரைக் கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிக்கூடத்தில் இருநூறு பேரோடு பாய் விரித்து நாலு நாள் கிடக்கப்போகிறோம். பை அதற்குத்தான்.

சிரித்தேனே ஒழிய, நான் முதலில் கட்டிய பையின் கதை இதைவிடக் கேவலம். தண்ணீர் எடு, பிஸ்கட் எடு, டார்ச்சு எடு என்பதையெல்லாம் காற்றழுத்தத் தாழ்வு உருவான அன்றைக்கே டிவியில் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொல்லாததை மட்டும் இங்கே சொல்கிறேன்.

முடிச்சை அவிழ்க்காமலே விட்டது

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தை டிவியில் பார்த்த பயத்தில் கட்டிய பை அது. அப்பாவுக்கு மாத்திரை, பையனுக்கு ரெண்டு செட் துணி, டார்ச்சு, பிஸ்கட், எல்லாம் வைத்து, வாயை நைலான் கயிற்றால் இறுக்கிப் பரணில் ஏற்றினேன். யார் வீட்டுக்கு வந்தாலும் அண்ணாந்து காட்டிப் பெருமையடிப்பேன். 2016, 2017 இரண்டு மழைக்காலமும் பெரிதாக எதுவும் இல்லாமல் போயின. பை பரணிலேயே இருந்தது.

2018 நவம்பர் 15 சாயங்காலம் கஜா புயலுக்காக எங்களைப் பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊரிலேயே தயாராக இருந்த ஒரே ஆள் நான்தான் என்ற மிதப்பில் நடந்தேன். நள்ளிரவு தாண்டிப் புயல் கரையேறியது. கரண்ட் எப்போதோ போய்விட்டது. முடிச்சை அவிழ்த்தேன்.

டார்ச்சு எரியவில்லை. செல் கசிந்து, உள்ளே ஸ்பிரிங் பச்சை பூத்துக் கிடந்தது. பிஸ்கட் பாக்கெட்டை எலி எப்போதோ முடித்திருந்தது. பையனின் டவுசரை எடுத்துப் பிரித்தேன். நாலு வயதில் போட்டது, அவனுக்கு அப்போது ஏழு. முட்டிக்கு மேலே ஏறவில்லை. நனைந்த துணியோடே விடியும்வரை உட்கார்ந்திருந்தான்.

இதையெல்லாம் இன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொல்லலாம். மாத்திரையைச் சொல்ல முடியாது. இடையில் கழிந்த மூன்று வருடத்தில் அப்பாவின் டாக்டர், கால் வீங்குகிறது என்று ஒரு பிரஷர் மாத்திரையை நிறுத்தியிருந்தார், புதிதாக இரண்டைச் சேர்த்திருந்தார். பையில் இருந்தது நிறுத்திய மாத்திரை. புதியவை வீட்டில் மாடத்தில், வீட்டின் மேல் கூரை இல்லை. மருந்துக்கடைக்குப் போகலாம் என்றால் சாலை முழுக்கத் தென்னையும் புளியும் விழுந்து கிடந்தன. பையில் இருக்கிறதே என்று அவரும் பழைய அட்டையையே பிய்த்துப் போட்டுக்கொண்டார். காலாவதியான தேதியை இருட்டில் யார் பார்ப்பது? நாலாம் நாள் காலை தலை சுற்றிப் பள்ளிக்கூடத்துப் படியில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. கட்டிலில் வைத்து, விழுந்த மரங்களைத் தாண்டித் தாண்டி, பெரிய ரோடு வரைக்கும் ஆறு பேர் தூக்கிப்போனோம். அந்தக் கை கடைசிவரை நேராகவில்லை.

மூன்று வருடத்தில் ஒரே ஒரு தடவை அந்த முடிச்சை அவிழ்த்திருந்தால் போதும். "போன வருஷமே கட்டி வச்சாச்சு" என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். போன வருடம் கட்டிய பை போன வருடத்து வீட்டுக்கானது. பிள்ளை வளர்ந்திருக்கும், மருந்து மாறியிருக்கும், மருமகள் கர்ப்பமாக இருப்பாள்.

இப்போது வருடத்துக்கு இரண்டு நாள் குறித்து வைத்திருக்கிறேன். வங்கக் கடலில் புயலுக்கு இரண்டு பருவம்: ஏப்ரல்-மே ஒன்று, அக்டோபர்-டிசம்பர் இன்னொன்று. ஆகவே சித்திரை ஒன்றாம் தேதி ஒருமுறை, ஆயுத பூஜைக்கு ஒருமுறை. ஆயுத பூஜையன்று அரிவாள் மண்வெட்டியோடு பையையும் கீழே இறக்கி, எல்லாவற்றையும் கொட்டி, ஒரு நாள் வெயிலில் காயவைத்துவிட்டுத்தான் பொட்டு வைக்கிறோம். டார்ச்சுக்குள் செல்லைப் போட்டு வைப்பதில்லை, தனியாகச் சுற்றி வைக்கிறேன். மாத்திரையை டாக்டர் எழுதிய கடைசிச் சீட்டோடு சேர்த்துத்தான் வைக்கிறேன். சீட்டு மாறினால் அன்றைக்கே மாத்திரையும் மாறும்.

ஐப்பசிப் பையைச் சித்திரையில் தூக்குவது

சித்திரையில் ஸ்வெட்டரும் கம்பளியும் வீண் சுமை. மே மாதத்து முகாமில் ஆளை அடிப்பது மழையைவிடப் புழுக்கம். கரண்ட் இல்லாத அறையில் இருநூறு பேர். அப்போது ஒரு பனையோலை விசிறிக்கு ஈடாக எதுவும் இல்லை. கூடவே பருத்தித் துண்டு, ஓஆர்எஸ் பாக்கெட் நாலைந்து, வழக்கத்தைவிட அதிகத் தண்ணீர். கோடையில் அவசரமாக வெளியேறப் புயல்தான் வர வேண்டும் என்பதில்லை. ஒரு கீற்றுக் கொட்டகை பற்றினால் காற்றில் ஒரு தெருவே போகும்.

கோடையில் பையைப் பரணில் வைக்காதீர்கள். தகரத்துக்குக் கீழே வெந்து மாத்திரை கெடும், பவர் பேங்க் உப்பும். கதவுக்குப் பின்னால் கைக்கு எட்டும் ஆணியில் தொங்கட்டும்.

தீபாவளி முடிந்ததும் மழை முடிந்தது என்று பையைக் கலைப்பவர்களும் உண்டு. தானே புயல் கடலூர் பக்கம் கரை கடந்தது 2011 டிசம்பர் 30, நடு மார்கழி. மழையில் நனைந்த உடம்பு மார்கழிப் பனியில் படும் பாட்டைக் கைக்குழந்தை வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். பொங்கல் வரைக்கும் போர்வையும் குல்லாயும் பையிலேயே இருக்கட்டும்.

பையின் வெளியே உறை போட்டு, உள்ளே சும்மா விடுவது

2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் இருபத்துநாலு மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. புயல் என்று ஒன்று இல்லாமலே. அந்த மாதிரி மழையில் இடுப்பளவு தண்ணீரில் நடக்கும்போது மேலுறை எதற்கும் உதவாது, தண்ணீர் கீழேயிருந்து ஏறும். யூரியா மூட்டைக்குள் இருக்கும் பிளாஸ்டிக் உறையைக் கழுவிக் காயவைத்துப் பைக்குள் விரியுங்கள். ஒவ்வொருவர் துணியும் தனித்தனிக் கவரில். கவரை முடியும்முன் துணி நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், ஈரம் உள்ளே சிக்கினால் பூஞ்சணம்.

காகிதங்கள்

ரேஷன் கார்டு, ஆதார், பத்திரம் என்று எடுத்து வைத்து முடித்துவிடுகிறார்கள். காகிதத்துக்கும் பருவம் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சம்பாவுக்குப் பயிர்க் காப்பீடு கட்டும் கெடு வழக்கமாக நவம்பர் நடுவில் முடியும், சரியாகப் புயல் நேரம். அந்த ரசீதும், என்ன பயிர் வைத்திருக்கிறோம் என்று விஏஓ தரும் அடங்கலும் பையில் இல்லாவிட்டால், பயிர் மூழ்கியபின் அலைய வேண்டியது நீங்கள்தான். மே, ஜூனில் பிள்ளைகளின் மார்க் ஷீட்டும் டிசியும் பள்ளியிலிருந்து வீட்டுக்கு வந்திருக்கும், அவற்றுக்கு அப்போது ஒரு கவர் வேண்டும். மீனவர் வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், அடையாள அட்டை வீட்டில் இருக்கும். மற்ற நாளில் அது அவரோடு கடலில் போகும், ஆகவே நகல் பையில். நகை அடகு ரசீதை யாரும் சொல்லித்தருவதில்லை. அதை மறக்காதீர்கள்.

லேமினேஷன் செய்தால் பத்திரம் என்று நினைக்காதீர்கள். ஓரம் பிரிந்தால் தண்ணீர் உள்ளே போய் வெளியே வர வழியில்லாமல் எழுத்தைத் தின்னும். ஜிப் கவர் போதும்.

முன்கூட்டி வைக்க முடியாதவற்றை நினைவில் மட்டும் வைத்திருப்பது

இன்சுலின், கண்ணாடி, பல்செட்டு, போன் சார்ஜர். ஒரு அட்டையில் எழுதிப் பையின் காதில் கட்டுங்கள். பதற்றத்தில் பெற்ற பிள்ளை பெயரே மறக்கும்.

மெழுகுவர்த்தி

வேண்டாம். பாய், சேலை, குழந்தைகள், கூட்டம்.

ஐந்நூறு ரூபாய் நோட்டு

கஜாவுக்குப் பிறகு எங்கள் பக்கம் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. ஏடிஎம் இல்லை, போனில் பணம் அனுப்ப வழியில்லை, சில்லறையும் இல்லை. பத்தும் இருபதுமாக வையுங்கள்.

சுனாமி

நிலம் அதிர்ந்தாலோ கடல் உள்வாங்கினாலோ பையைத் தேடாதீர்கள். ஓடுங்கள்.

தூக்கப்போவது யார் என்று பார்க்காதது

அந்தத் தம்பியின் பையைத் தூக்கிப் பார்த்தேன். பதினைந்து கிலோ இருக்கும். அவன் தூக்கிவிடுவான். ஆனால் அவனுக்கு வேலை திருப்பூரில், ஊருக்கு வருவது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். கார்த்திகையில் புயல் வந்தால் அந்தப் பையை யார் தூக்குவது? "அம்மாவைக் கூப்பிடு" என்றேன்.

அவன் அம்மாவுக்கு அறுபது வயது, முட்டிவலி. இடது கையில் பேத்தியைப் பிடித்துக்கொண்டு, வலது தோளில் பையோடு வாசல்படி வரைக்கும் வந்து இறக்கிவிட்டது. "இதத் தூக்கிக்கிட்டுப் போறதுக்கு நான் புயல்லயே போயிடலாம்" என்றது. பிறகு அதுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டது. கத்தி, கயிறு, கல், மூன்று லிட்டர் தண்ணீரில் இரண்டு. வெற்றிலைப் பெட்டியை மட்டும் உள்ளே வைத்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.