வீட்டுத் தோட்டத்தில் நீச்சல் குளம்: குழி தோண்டும் முன் தாளில் முடிக்க வேண்டிய வேலை

நீச்சல் குளம் கட்டலாம் என்று பேச்சு எழுந்ததும் வீட்டில் நடக்கும் முதல் விவாதம் வடிவத்தைப் பற்றித்தான். நீள்சதுரமா, வட்டமா, வளைந்து நெளிந்து போவதா? அந்த விவாதத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். கான்கிரீட் இறுகிய பிறகு மாற்ற முடியாதவை இடம், ஆழம், சுவருக்குள் புதைந்த பைப். இவை முடிவானால் வடிவம் பாதி தானாகவே வந்துவிடும். டைல்ஸ் நிறத்தைப் பத்து வருடம் கழித்துக்கூட மாற்றிக்கொள்ளலாம்.

படி 1: யார் இறங்கப் போகிறார்கள்?

ஆழத்தைத் தீர்மானிப்பது இந்தக் கேள்விதான். வீட்டுக் குளத்தில் பெரும்பாலான நேரம் ஆட்கள் நின்றுகொண்டோ, குழந்தைகளோடு விளையாடிக்கொண்டோதான் இருப்பார்கள். ஒரு முனையில் 1 மீட்டர், மறுமுனையில் 1.5 மீட்டர் இருந்தால் நீந்தவும் நிற்கவும் போதும். "ஒரு பக்கமாவது நல்ல ஆழம் வேண்டாமா?" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. கூடுதல் ஆழம் என்றால் கூடுதல் தோண்டல், கூடுதல் கம்பி, கூடுதல் தண்ணீர். அந்தத் தண்ணீரைக் காலம் முழுக்கச் சுத்தம் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இந்த ஆழத்தில் தலைகீழாகப் பாயக்கூடாது. கழுத்தெலும்பு முறியும் ஆபத்து உண்டு. பலகை வைத்துக் குதிக்கும் ஆசையை வீட்டுக் குளத்தில் விட்டுவிடுவதே நல்லது.

நீளமாக நீந்த விரும்புபவர் இருந்தால் அகலத்தைக் குறைத்து நீளத்தைக் கூட்டுங்கள். 8 × 4 மீட்டர் குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். 12 × 2.5 மீட்டர் என்றால் 30 தான். பரப்பு குறைகிறது, நீந்தும் தூரமோ ஒன்றரை மடங்காகிறது.

படி 2: இடத்தைக் குறியுங்கள்

தோட்டத்தை அளவுக்கு ஏற்பத் தாளில் வரைந்து, கழிவுநீர்க் குழாய், செப்டிக் டேங்க், புதைத்த கேபிள், தலைக்கு மேல் போகும் மின்கம்பி, பெரிய மரங்கள் எல்லாவற்றையும் குறியுங்கள். மின்கம்பிக்குக் கீழே குளம் வரவே கூடாது. மரத்தடியில் வந்தால் இலை ஒரு தொல்லை, வேர் இன்னொரு தொல்லை. காற்று எந்தப் பக்கமிருந்து அதிகம் வீசுகிறது என்பதையும் ஓர் அம்புக்குறியாகப் போட்டுவையுங்கள், பின்னால் தேவைப்படும். வீட்டுக்குள் நீங்கள் அதிக நேரம் இருக்கும் இடத்திலிருந்து, உதாரணமாக சமையலறை ஜன்னலிலிருந்து, குளம் முழுவதும் கண்ணில் படுவது நல்லது.

அப்புறம் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு சில நாள் அப்படியே விடுங்கள். வெயில் எப்போது வருகிறது, நடக்க வழி மிஞ்சுகிறதா என்பதெல்லாம் தாளை விட மண்ணில் நன்றாகத் தெரியும். தோண்டும் இயந்திரம் உள்ளே வர வழி இருக்கிறதா, அள்ளிய மண் எங்கே போகும் என்பதையும் இப்போதே யோசியுங்கள். தோண்டிய மண் தளர்ந்து, குழியின் கொள்ளளவை விட அதிக இடம் பிடிக்கும். உள்ளாட்சி அனுமதிக்கான விண்ணப்பத்தையும் இந்தக் கட்டத்தில் கொடுத்துவிடலாம்.

படி 3: மண்ணும் நிலத்தடி நீரும்

பலர் தாண்டிப்போகும் படி இது. குளத்தின் அடித்தளம் வரப்போகும் ஆழத்தை விட அரை மீட்டர் கூடுதலாக ஒரு சோதனைக் குழி தோண்டிப் பாருங்கள். களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பிறகு கொட்டி நிரப்பிய மண் என்றால் அமுங்கும். எதுவானாலும் கம்பி, கான்கிரீட் கணக்கைக் கட்டமைப்புப் பொறியாளர் போடட்டும்.

குழியில் நீர் ஊறினால் கவனம். நிரம்பிய குளத்துக்கு ஆபத்தில்லை, காலிக் குளத்துக்குத்தான். சுற்றிலும் நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு மேல் 1 மீட்டர் உயர்ந்து நின்றால், 32 சதுர மீட்டர் தரையை அது மேல்நோக்கித் தள்ளும் விசை சுமார் 32 டன். காலிக் குளம் படகு மாதிரி மேலே எழும்பிவிடும், சுவர் விரிசல் விடும். இதற்காகவே குளத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் நீரழுத்தத்தைத் தணிக்கும் வால்வு வைப்பார்கள். வால்வு இருந்தாலும் மழைக்காலத்தில் குளத்தைக் காலி செய்யாதீர்கள்.

படி 4: எதைக் கொண்டு கட்டுவது?

கான்கிரீட் எந்த வடிவத்துக்கும் ஒத்துவரும், நீண்ட நாள் உழைக்கும், ஆனால் கட்டி முடிக்க மாதங்கள் ஆகும். ஃபைபர்கிளாஸ் குளம் தயாராகவே வந்து இறங்கும். வேலை வேகம், தரை வழவழப்பு. ஆனால் லாரியில் ஏற்றக்கூடிய அளவுக்குள்தான் கிடைக்கும். வினைல் விரிப்புப் போட்ட குளத்துக்குத் தொடக்கச் செலவு குறைவு, சில வருடங்களுக்கு ஒருமுறை விரிப்பை மாற்ற வேண்டிவரும்.

படி 5: கணக்கு

நீளம் × அகலம் × சராசரி ஆழம். நம் உதாரணத்தில் 8 × 4 × 1.25 = 40 கன மீட்டர், அதாவது 40,000 லிட்டர். ஆழமான முனையை 2.4 மீட்டர் ஆக்கியிருந்தால் சராசரி 1.7 ஆகி, 54,400 லிட்டர் வந்திருக்கும். படி 1-இல் ஆழத்தைப் பற்றி அவ்வளவு பேசியதற்குக் காரணம் இதுதான்.

வீட்டுக் குளத்தின் மொத்த நீரும் 6 முதல் 8 மணி நேரத்தில் ஒருமுறை ஃபில்டர் வழியாகச் சுற்றி வர வேண்டும் என்பது வழக்கம். 40-ஐ 6-ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 6.7 கன மீட்டர். பம்ப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அளவைப் பார்த்து வாங்காதீர்கள். அது எதிர்ப்பே இல்லாதபோது கிடைக்கும் அளவு. கூடவே வரும் வரைபடத்தில் 10 மீட்டர் அழுத்த உயரத்தில் (பைப்பும் ஃபில்டரும் தரும் எதிர்ப்பை நீரின் உயரமாகச் சொல்லும் அளவு இது) எவ்வளவு தள்ளுகிறது என்று பாருங்கள்.

மணல் ஃபில்டரில் நீர் மெதுவாக இறங்கினால்தான் அழுக்கு தங்கும். மணிக்கு 30 மீட்டர் வேகம் என்று வைத்தால், 6.7-ஐ 30-ஆல் வகுத்து, 0.22 சதுர மீட்டர் மணல் பரப்பு தேவை, அதாவது 53 செ.மீ. விட்டம். இதற்கு அடுத்த பெரிய அளவை எடுங்கள். பம்ப் விஷயத்தில் பெரிது நல்லதல்ல, ஃபில்டர் விஷயத்தில் பெரிதே நல்லது. வேகம் மாற்றக்கூடிய பம்ப் கிடைத்தால் இன்னும் லாபம்: வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், இழுக்கும் மின்சாரமோ ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறையும். இரண்டு மடங்கு நேரம் ஓட்டினாலும் மிச்சம்தான். பைப்பின் உள்விட்டம் 50 மி.மீ. இருக்கட்டும்.

படி 6: தண்ணீர் போகும் வழி

முன்பு போட்ட காற்று அம்புக்குறியை எடுங்கள். காற்று இலைகளை எந்த ஓரத்தில் ஒதுக்குகிறதோ அங்கேதான் ஸ்கிம்மர், அதாவது மேற்பரப்பில் மிதக்கும் குப்பையை உறிஞ்சும் வாய், வர வேண்டும். சுத்தமான நீர் திரும்பி வரும் துளைகள் எதிர்ப்பக்கம் இருந்து, மேற்பரப்பை ஸ்கிம்மரை நோக்கித் தள்ளட்டும்.

தரையில் உறிஞ்சும் வடிகால் ஒன்றே ஒன்று இருந்தால், அதன் மேல் குழந்தையின் முடியோ உடலோ படும்போது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குறைந்தது 1 மீட்டர் இடைவெளியில் இரண்டு வடிகால்கள், இரண்டுக்கும் குவிந்த பாதுகாப்பு மூடி. இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவே கூடாது.

ஃபில்டரைப் பின்னோட்டத்தில் கழுவும்போது சில நூறு லிட்டர் அழுக்கு நீர் வெளியேறும். அது எங்கே போகும் என்பது வரைபடத்திலேயே இருக்கட்டும். பைப்புகளை அழுத்தச் சோதனை செய்து, அளவுகோலோடு புகைப்படமும் எடுத்த பிறகே கான்கிரீட் ஊற்ற விடுங்கள்.

படி 7: வேலியும் மின்சாரமும்

வேலி குறைந்தது 1.2 மீட்டர் உயரம், கம்பிகளுக்கு நடுவே 10 செ.மீ.க்குக் குறைவான இடைவெளி, தானாகச் சாத்திப் பூட்டிக்கொள்ளும் கதவு, அதுவும் குளத்துக்கு வெளிப்புறமாகத் திறப்பது. நீருக்குள் எரியும் விளக்குகள் 12 வோல்ட். பம்ப் இணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் சுவிட்சும் முறையான எர்த்திங்கும் வேண்டும். இந்த வேலையை உரிமம் பெற்றவரே செய்யட்டும்.

படி 8: சரி, இப்போது வடிவம்

நீள்சதுரம் கட்ட எளிது, மூடி போடவும் எளிது. மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாளுக்கு 5 மி.மீ. ஆவியானாலே 32 சதுர மீட்டரில் 160 லிட்டர் போய்விடும். படிக்கட்டின் ஒவ்வொரு விளிம்பிலும் வேறு நிற டைல்ஸ் ஒரு வரிசை போட்டால் தண்ணீருக்குள் படி தெரியும். குளத்தைச் சுற்றிய தரை வழுக்காததாக, நீர் வெளிப்பக்கமாக ஓடும்படி லேசாகச் சரிந்து இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டிய வரி

டைல்ஸ் ஒட்டும் முன் குளத்தை நிரப்பிக் கசிவு பார்க்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். முறை எளிது: ஒரு வாளியில் குளத்து நீரை ஊற்றி, அது பாதி மூழ்கும்படி படிக்கட்டில் வையுங்கள். வாளிக்கு உள்ளே நீர்மட்டம், வெளியே நீர்மட்டம் இரண்டையும் குறியுங்கள். பம்பை நிறுத்தி 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் வெறும் ஆவியாதல். வெளியே மட்டும் அதிகம் இறங்கியிருந்தால் கசிவு. அதைச் சரிசெய்த பிறகுதான் அடுத்த தவணைப் பணம்.