பிரண்டை, சிறுபீளை, கழற்சிக்காய்: வீட்டில் எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

மூலிகைதானே, பக்கவிளைவு ஒன்றும் வராது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். உடம்பில் வேலை செய்கிற பொருள் எதுவானாலும் அளவு தப்பினால் தப்பான வேலையையும் செய்யும். சுக்குக்குப் புறநஞ்சு, கடுக்காய்க்கு அகநஞ்சு என்று பாட்டிமார் சொல்லி வைத்ததும் இதைத்தான்: சுக்கின் தோலைச் சீவி எறிய வேண்டும், கடுக்காயின் கொட்டையைத் தட்டி எடுத்துவிட வேண்டும். அதனால் எந்தச் செடி, அதில் எந்தப் பாகம், எத்தனை நாள் என்ற மூன்றுக்கும் பதில் தெரியாமல் எதையும் வாயில் போடாதீர்கள்.

வயிற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பசி மந்தம், சாப்பிட்டால் உப்புசம் என்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பிரண்டைத் துவையல், ஏனென்றால் அது மருந்து மாதிரி இல்லாமல் சோற்றோடு சேர்ந்து போய்விடும். கொடியின் நுனியிலிருந்து இரண்டு மூன்று கணு வரைக்கும் உள்ள பிஞ்சை மட்டும் ஒடித்துக்கொள்ளுங்கள், முற்றினது நாராக இருக்கும். கையில் நல்லெண்ணெய் தடவாமல் தொட்டால் அரை மணி நேரம் அரித்துக்கொண்டே இருப்பீர்கள். கணுவை நறுக்கி எறிந்துவிட்டு, தண்டின் நான்கு ஓரத்திலும் நாரை உரித்து, பொடியாக அரிந்து, நல்லெண்ணெயில் பச்சை நிறம் மாறிச் சுருங்கும் வரை பொறுமையாக வதக்குங்கள். அப்புறம் உளுத்தம்பருப்பு, மிளகாய் வற்றல், பெருங்காயம் தனியாக வறுத்து, கொஞ்சம் இஞ்சி, நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்து அரைக்க வேண்டியதுதான். புளியைக் குறைத்தாலோ அரைகுறையாக வதக்கினாலோ தொண்டை பிடித்துக்கொள்ளும். பிரண்டையில் இருக்கும் கால்சியம் ஆக்ஸலேட் என்ற ஊசி மாதிரியான படிகங்கள்தான் அந்த அரிப்புக்குக் காரணம். சிறுநீரகக் கல்லில் பெரும்பாலானவையும் இதே கால்சியம் ஆக்ஸலேட்தான், ஆகையால் ஏற்கெனவே கல் வந்தவர்கள் பிரண்டையை அடிக்கடி சேர்க்க வேண்டாம், வேறு எதையாவது பாருங்கள்.

வாயு, வயிற்றுப் பொருமலுக்கு ஓமம் போதும். அரை ஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில் வாசனை வரும் வரை வறுத்து, ஒரு தம்ளர் தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, வெதுவெதுப்பாகக் குடித்தால் சரி.

மலச்சிக்கலுக்கு நிலவாகை. சில ஊர்களில் நிலாவரை என்பார்கள். திருநெல்வேலி, தூத்துக்குடி பக்கம் விளைந்து திருநெல்வேலி சென்னா என்ற பெயரில் வெளிநாட்டுக்குப் போகிற அதே இலைதான். ராத்திரி எடுத்தால் 6 முதல் 12 மணி நேரத்தில் வேலை செய்யும். ஆனால் இது குடலைத் தூண்டிவிட்டு வெளியேற்றுகிற மருந்து, தினப்படி சாப்பாடு இல்லை. எங்கள் அத்தை இதை மாதக்கணக்கில் ராத்திரி ஒரு ஸ்பூன் விழுங்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, அவரும் சொல்லவில்லை. ஒருநாள் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார், ரத்தம் எடுத்துப் பார்த்தால் பொட்டாசியம் இறங்கியிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் நிலவாகை தேவைப்படுகிறது என்றால் பொடியை மாற்றாதீர்கள், டாக்டரைப் பாருங்கள். மலத்தில் ரத்தம், காரணம் இல்லாமல் எடை குறைவது, ஐம்பதைத் தாண்டிய பிறகு திடீரென்று மாறிப்போகும் மலப் பழக்கம், இதற்கெல்லாம் வீட்டு வைத்தியமே கிடையாது.

இனி சிறுநீர். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவோடு சேர்த்துச் செருகுவோமே, அந்தப் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூ உள்ள செடிதான் சிறுபீளை. பொங்கல் பூ, கண்ணுப்பிள்ளைப் பூ என்றும் சொல்வார்கள். இலைக்கும் தண்டுக்கும் இடுக்கில் பூ ஒட்டிக்கொண்டிருக்கும், இலை லேசாகச் சாம்பல் பூத்த பச்சையாக இருக்கும். கல்லடைப்புக்கும் நீர்க்கடுப்புக்கும் சித்த மருத்துவத்தில் இதைச் சமூலமாக, அதாவது வேர் முதல் பூ வரை முழுச்செடியாகக் குடிநீர், அதாவது கஷாயம் வைப்பார்கள். ஒரு கைப்பிடிச் செடியை மண் போக நாலைந்து முறை அலசி, இடித்து, இரண்டு தம்ளர் தண்ணீரில் போட்டு அரைத் தம்ளராக வற்றவைத்து வடிகட்டிக் காலையில் குடியுங்கள். ஒரு வாரம் போதும். சாக்கடை ஓரத்திலும் களைக்கொல்லி அடித்த வரப்பிலும் பறிக்காதீர்கள். வாசலில் ஒரு மாதம் தொங்கின காப்பையும் கழற்றிக் காய்ச்சாதீர்கள், அதில் தூசும் வண்டிப் புகையும்தான் இருக்கும்.

நெருஞ்சில் வாங்கும்போது கடைக்காரரிடம் சிறுநெருஞ்சிலா, யானை நெருஞ்சிலா என்று கேளுங்கள். இரண்டும் மஞ்சள் பூ பூக்கும், இரண்டின் காயிலும் முள் இருக்கும், ஆனால் வேறு வேறு குடும்பத்துச் செடிகள். பச்சையாகக் கிடைத்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: யானை நெருஞ்சில் கொத்து ஒன்றைத் தண்ணீரில் விட்டு இரண்டு நிமிஷம் அலசினால் தண்ணீர் முட்டையின் வெள்ளைக் கரு மாதிரி வழுவழுப்பாகி, விரலைத் தூக்கினால் நூலாக இழுக்கும். சிறுநெருஞ்சிலில் அப்படி வராது. உலர்ந்த சிறுநெருஞ்சில் முள் இரண்டு ஸ்பூன், தனியா ஒரு ஸ்பூன், இரண்டையும் ஒன்றிரண்டாக இடித்து மேலே சொன்ன மாதிரியே வற்றவைத்தால் வெயில் காலத்து நீர்க்கடுப்புக்குக் கேட்கும்.

இங்கே ஒரு விஷயத்தைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். 5 மில்லிமீட்டருக்குக் குறைவான கல் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். வாழைத்தண்டுச் சாறு குடித்தேன், கல் போய்விட்டது என்பவர்களுடைய கல் பல நேரம் இந்த அளவில்தான் இருந்திருக்கும், கூடவே குடித்த தண்ணீருக்கும் அதில் பங்கு உண்டு. கால்சியம் ஆக்ஸலேட் கல்லைக் கரைக்கும் சாறு எதுவும் கிடையாது. நாளுக்கு இரண்டிலிருந்து இரண்டரை லிட்டர் சிறுநீர் போகிற அளவுக்குத் தண்ணீர் குடிப்பதுதான் கல் திரும்ப வராமல் காக்கிற பெரிய மருந்து. வலி நின்றுவிட்டால் கல் போய்விட்டது என்றும் நினைக்காதீர்கள், சிறுநீர்க் குழாயை அடைத்துக்கொண்டே கூட வலி அடங்கும், ஸ்கேன் எடுத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். எரிச்சலோடு குளிர் காய்ச்சல், முதுகு வலி, ரத்தம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. கர்ப்பிணிகளுக்கு லேசான நீர்க்கடுப்புக்கும் அதேதான். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதானவர்கள் மூக்கிரட்டை உள்பட எந்தக் கீரைச் சாற்றையும் தாமாக எடுக்கக் கூடாது, பொட்டாசியம் ஏறிவிடும்.

ஆடுதின்னாப்பாளையை மட்டும் யார் கொடுத்தாலும் உள்ளுக்குச் சாப்பிடாதீர்கள். அதிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தைச் சுருக்கிவிடும், சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயையும் உண்டாக்கும். இது உறுதியாக நிரூபணமானது.

ஹார்மோன் விஷயத்தில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள் என்பது என் கருத்து. சினைப்பை நீர்க்கட்டிக்குக் கழற்சிக்காய் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தச் சாம்பல் நிறக் கொட்டையை உடைத்து, உள்பருப்பை மிளகோடு பொடித்து எடுப்பது பழைய முறைதான், கசப்பு நாக்கை விட்டுப் போகவே போகாது. ஆனால் மாதவிலக்கு மாதக்கணக்கில் தள்ளிப்போகிற பெண்ணுக்குத் தைராய்டு, சர்க்கரை, ஸ்கேன் எதுவும் பார்க்காமல் இதைக் கொடுத்துக் காத்திருக்கவைப்பது தப்பு. எடை கூடியிருந்தால் மொத்த உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம் குறைந்தாலே பலருக்கு மாதவிலக்கு சீராகிறது, அதைத் தள்ளிவிட்டுப் பொடியை மட்டும் நம்பாதீர்கள். மலைவேம்புச் சாறு வேண்டவே வேண்டாம், அந்த ஒரே பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரங்கள் இருக்கின்றன, அதில் ஒன்றின் பழம் விஷம்.

தண்ணீர்விட்டான் கிழங்கைத் தாய்ப்பால் சுரக்கப் பாலில் காய்ச்சிக் கொடுப்பார்கள். குழந்தை அடிக்கடி சப்பிக் குடித்தால்தான் பால் ஊறும், கிழங்கு அதற்குத் துணை, அவ்வளவுதான்.

வெந்தயம் நல்லது, ராத்திரி ஒரு ஸ்பூன் ஊறவைத்துக் காலையில் மென்றால் அதன் நார் சர்க்கரை ஏறுவதைக் கொஞ்சம் தணிக்கும். ஆனால் தைராய்டு மாத்திரையும் வெறும் வயிற்றில், வெந்தயமும் வெறும் வயிற்றில் என்று இரண்டையும் ஒன்றாக விழுங்குகிறவர்கள் நிறைய. நார் அந்த மாத்திரையை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். மாத்திரையை எழுந்ததும் போட்டுக்கொண்டு வெந்தயத்தை மாலைக்குத் தள்ளிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சர்க்கரை ரொம்ப இறங்கலாம், கையில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். ரத்த அழுத்தக்காரர்கள் அதிமதுரத்தைத் தினமும் சப்பக் கூடாது, அழுத்தம் ஏறும். கர்ப்பமாக இருப்பவர்கள் இந்தப் பத்தியிலும் மேலேயும் சொன்ன எந்தப் பொடியையும் குடிநீரையும் வைத்தியரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேட்க வேண்டிய இடம் தூரத்தில் இல்லை. அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்தப் பிரிவு இருக்கிறது, பி.எஸ்.எம்.எஸ். என்ற சித்த மருத்துவப் பட்டம் படித்த மருத்துவர் இருப்பார். தாம்பரம் சானட்டோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. போகும்போது வீட்டில் எடுக்கிற பொடிப் பொட்டலங்களையும் ஆங்கில மருந்துச் சீட்டையும் ஒரே பையில் போட்டு எடுத்துப் போங்கள், பொட்டலத்தின் மேல் செடியின் பெயரையும் எடுக்க ஆரம்பித்த தேதியையும் பேனாவால் எழுதி வையுங்கள்.