ஒரே பாவத்தையே திரும்பத் திரும்ப பாவசங்கீர்த்தனத்துல சொல்றீங்களா? ஒரு தாளும் பேனாவும் எடுங்க

பாவசங்கீர்த்தனத்துல, அதாவது குருகிட்ட போய் பாவத்தை ஒத்துக்கிட்டு மன்னிப்பு கேக்கறப்போ, போன மாசம் சொன்ன அதே பாவம், அதுக்கு முந்தின மாசமும் அதேதான், ஃபாதருக்கே மனப்பாடம் ஆகியிருக்கும். எனக்கு அது புறணி. உத்தம மனஸ்தாப மந்திரம், அதான் பாவத்துக்கு வருத்தப்படுற ஜெபம், சொல்லிட்டு "இனிமே செய்யவே மாட்டேன்"னு உருகிட்டுத்தான் வருவேன், ஆனா கோயில் வாசல்ல செருப்பு மாட்டுறதுக்குள்ள யாராவது "அந்த வீட்டு விஷயம் கேள்விப்பட்டீங்களா"ன்னு ஆரம்பிச்சா போச்சு, அரை மணி நேரம் அங்கேயே நிப்பேன். இது கொஞ்சமாச்சும் குறைஞ்சது இஞ்ஞாசியார் சொன்ன ஒரு வழியாலதான், அதைத்தான் இங்க எழுதுறேன்.

லொயோலா இஞ்ஞாசியார், நம்ம சவேரியாரை இந்தியாவுக்கு அனுப்பி வெச்சாரே, அவரேதான். போர்வீரரா இருந்தவர், 1521ல ஸ்பெயின்ல பம்ப்லோனா கோட்டைச் சண்டையில பீரங்கிக் குண்டு பட்டு கால் உடைஞ்சு படுத்தவர், அப்புறம் மன்ரேசாங்கிற ஊர்ல தவம் இருந்தப்போ தான் அனுபவிச்சதை எழுதி வைக்க ஆரம்பிச்சாரு. அதுதான் ஆன்மப் பயிற்சிகள் புத்தகமாச்சு, 1548ல பாப்பரசர் மூன்றாம் பவுல் அதுக்கு ஒப்புதல் குடுத்தாரு. அதுல தனி ஆத்தும சோதனைன்னு ஒரு பயிற்சி இருக்கு. ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி மொத்த நாளையும் நினைச்சுப் பாக்குறோமே அது பொது சோதனை, இது வேற, ஒரே ஒரு பாவத்தை மட்டும் துரத்துறது.

முதல் படி, பாவத்தை தேர்ந்தெடுக்கறது. ஒண்ணே ஒண்ணு, ரெண்டு வேண்டாம். அதுவும் எண்ணக்கூடியதா இருக்கணும். "கோபம்"னு எழுதினா எதை எண்ணுவீங்க? "பிள்ளைங்கள கத்தித் திட்டுறது"ன்னு எழுதுங்க. "கெட்ட சிந்தனை"ன்னு எழுதறதுக்கு பதிலா "ராத்திரி போனை எடுத்து பாக்கக்கூடாததை பாக்குறது"ன்னு நேராவே எழுதுங்க, தாள் உங்ககிட்டதானே இருக்கப் போகுது. எதுல ஆரம்பிக்கறதுன்னு தெரியலன்னா, எதிரி கோட்டையை சுத்திப் பாத்துட்டு சுவர் எங்க பலவீனமோ அங்கதான் அடிப்பான்னு இஞ்ஞாசியாரே சொல்லியிருக்காரு, அதனால உங்களுக்கு எங்க அடிக்கடி அடி விழுதோ அதுலயே ஆரம்பிங்க.

ரெண்டாவது தாள். நான் தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளோட பின்பக்கத்தை எடுத்துக்குவேன். ஒரு நாளைக்கு ரெண்டு கோடு, மேல் கோடு காலையில எழுந்ததுல இருந்து மதியம் வரைக்கும், கீழ் கோடு மதியத்துல இருந்து ராத்திரி வரைக்கும். ஆப் எல்லாம் இருக்கு, ஆனா அதுக்காக போனைத் திறந்தா வாட்ஸ்அப்ல போய் நிக்குது, என் பாவமே அங்கதான் குடியிருக்கு.

காலையில கண் முழிச்ச உடனே "ஆண்டவரே, இன்னைக்கு மதியம் வரைக்கும் இதுல விழாம பாத்துக்க உதவி செய்யும்"னு ஒரு வரி. ஆயுசுக்கும்னு சத்தியம் பண்ணாதீங்க, மதியம் வரைக்கும் போதும்.

அடுத்ததுதான் எனக்கு ரொம்ப பிடிச்சது. விழுந்த அந்த நொடியிலேயே கையை நெஞ்சுல வெச்சு மனசுக்குள்ள வருத்தப்படணும். பூசையில "என் பாவமே, என் பாவமே"ன்னு நெஞ்சுல தட்டுறோம்ல, அதே மாதிரிதான், பத்து பேர் நடுவுலயும் யாருக்கும் தெரியாம செய்யலாம்னு இஞ்ஞாசியாரே எழுதியிருக்காரு. முதல் வாரம் ஒரு நாள், வாய் பாட்டுக்கு ஒருத்தரோட கடன் கதையை சொல்லிட்டிருக்கு, கை தானா நெஞ்சுக்குப் போச்சு, பேச்சு பாதியிலயே நின்னுருச்சு. எதிர்ல இருந்தவங்க நெஞ்சு வலியான்னு கேட்டாங்க!

மதியம் சாப்பிட்டதும் ஒரு அஞ்சு நிமிஷம். எழுந்ததுல இருந்து மணி மணியா பின்னாடி ஓட்டிப் பாத்து, எத்தனை தடவை விழுந்தோமோ அத்தனை புள்ளி மேல் கோட்டுல. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் கீழ் கோட்டுல அதே மாதிரி. அப்புறம் கீழ் கோடு மேல் கோட்டை விட குறைஞ்சிருக்கான்னு பாக்கணும், இன்னைக்கு நேத்தோட, இந்த வாரம் போன வாரத்தோட. எனக்கு முதல் நாள் மதியத்துக்குள்ள 9 புள்ளி, தெரிஞ்சவங்ககிட்ட கேட்டிருந்தா நான் புறணியே பேசறதில்லன்னு சொல்லியிருப்பேன்.

ஒரு வாரத்துல புள்ளிங்க எங்க குவியுதுன்னு தெரிஞ்சுரும். எனக்கு ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்ச கையோட, அப்புறம் சாயங்காலம் ஒரு குறிப்பிட்ட ஆளோட போன் கால். பாவத்துக்கு இட்டுட்டுப் போற சந்தர்ப்பத்தை விலக்கணும்னு மறைக்கல்வியில, அதாவது திருச்சபையோட போதனைப் பாடத்துல, படிச்சது இதைத்தான். பூசை முடிஞ்சு நேரா வீட்டுக்கு வந்தேன், அந்த போன் காலை பத்து நிமிஷத்தோட முடிச்சேன். இன்னொன்னு, "அவங்களுக்காக வேண்டிக்கோங்க, பாவம் அவங்க வீட்ல என்ன நடக்குதுன்னா..."ன்னு ஆரம்பிக்கிறதும் புறணிதான், ஜெபக்கூட்டம் நடத்துறவங்க கோவிச்சுக்காதீங்க.

"உண்மையைத்தானே சொன்னேன்"னு சமாளிக்கவும் முடியாது. தகுந்த காரணம் இல்லாம இன்னொருத்தரோட உண்மையான குறையை வெளிய சொல்றதே பாவம்னுதான் திருச்சபையோட மறைக்கல்வி சொல்லுது, கெடுத்த பேரை சரி பண்ணவும் வேணுமாம். அதனால பாவசங்கீர்த்தனத்தோட நிறுத்திக்காம, யார்கிட்ட சொன்னேனோ அவங்ககிட்டயே போய் "நான் அன்னைக்கு அவங்களைப் பத்தி அப்படி பேசியிருக்கக் கூடாது"ன்னு சொன்னேன். மூணு தடவை அப்படி போய் நின்ன கூச்சம் இருக்கே, அதுக்கப்புறம் வாயே திறக்க யோசிக்குது. அதே மறைக்கல்வியில, திரும்பத் திரும்ப செய்யறதாலதான் பாவம் தீய பழக்கமா வேர் விடுதுன்னும் இருக்கு. நான் அதையே திருப்பிப் போட்டு, புறணி வர்ற இடத்துல எல்லாம் அதே ஆளைப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லிப் பழகினேன்.

ஒரு எச்சரிக்கை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பாவமா பாவமான்னு மனசு கிடந்து அடிச்சுக்கிற ஆளுங்க, பங்குச் சாமியார்கிட்ட கேக்காம இந்த எண்ணிக்கையில இறங்காதீங்க. இஞ்ஞாசியாருக்கே மன்ரேசாவுல அந்த வியாதி வந்து, ஒரு வாரம் பச்சத்தண்ணி கூட வாயில வைக்காம கிடந்து, பாவசங்கீர்த்தனம் கேட்ட குரு நிறுத்தச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டாரு. குடி மாதிரி உடம்பையே பிடிச்ச பழக்கம்னா டாக்டரையும் பாக்கணும், தாள் மட்டும் பத்தாது.

சில வாரம் புள்ளி கூடும், கூடினா கூடட்டும்னு வெச்சுட்டு தாளைக் கிழிச்சுப் போடாம இருங்க. ரெண்டு மூணு வாரம் கோடு காலியாவே இருந்தா அடுத்த பாவத்துக்கு மாறிக்கலாம். எனக்கு இப்போ தலைப்பு மாறியிருக்கு, வீட்ல உக்காந்துக்கிட்டே "இதோ கிளம்பிட்டேன்"னு போன்ல சொல்ற பொய். நேத்து மதியம் வரைக்கும் 4 புள்ளி.