செயலி 15 சதவீதம்தான் ஓடுகிறது, பிறகு ஏன் கரகரப்பு?

அண்மையில் ஹாம் (பொழுதுபோக்கு வானொலி) உரிமம் பெற்ற ஒருவர், தம் எஸ்.டி.ஆர். (கணினி நிரல் வழி இயங்கும் வானொலி) வாங்கியில் கேட்ட மோர்ஸ் ஒலியைப் பதிவுசெய்து அனுப்பியிருந்தார். நடுநடுவே சருகை மிதித்தாற்போல் ஒரு கரகரப்பு. கூடவே ஒரு குறிப்பு: "செயலி (சி.பி.யு.) 15 சதவீதம்தான் ஓடுகிறது. ஆகவே லேப்டாப்பில் குறையில்லை. வேறு சவுண்ட் கார்டு வாங்கிவிடட்டுமா?"

இதே வாக்கியத்தைச் சொல்லித்தான் நானும் பணத்தைத் தொலைத்தேன். ஸ்பீக்கரை ஊமையாக்கி வைப்பது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன்; அவை தாமே பிடிபட்டுவிடும்.

சதவீதத்தை நம்புவது

டாஸ்க் மேனேஜர் காட்டுவது ஒரு விநாடியின் சராசரி. ஒலிக்குச் சராசரி உதவாது. விநாடிக்கு 1,92,000 மாதிரிகள் (ஒலியை அளந்த எண்கள்) வந்தால், 2,048 மாதிரிகள் கொள்ளும் பஃபர் (தற்காலிகச் சேமிப்பிடம்) 10.7 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும். அதற்குள் முந்தையதை அள்ளியாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வை-ஃபை டிரைவர் (அக்கருவியை இயக்கும் நிரல்) செயலியை 15 மில்லிவிநாடி பிடித்துக்கொண்டால் மாதிரிகள் சிந்திப்போகும். காதில் ஒரு 'டக்'. வரைபடத்திலோ அது வெறும் ஒன்றரை சதவீதம். கண்ணில் படவே படாது.

விண்டோஸில் டிரைவர்களின் இந்த அவசர வேலைக்கு டி.பி.சி. என்று பெயர். அது முடியும்வரை அந்தச் செயலி மையத்தில் சாதாரண நிரல் எதுவும் ஓட முடியாது. உங்கள் எஸ்.டி.ஆர். நிரலும் வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

இது தெரியாமல் நான் முதலில் சவுண்ட் கார்டை மாற்றினேன். பிறகு லேப்டாப்பையே மாற்றினேன். கரகரப்பு கூடவே வந்தது. ஒருமுறை திறந்த வெளியில் நிலையம் அமைத்தபோது ஒலி தெளிவாக இருந்தது. வீட்டு மின்கம்பிகளின் இரைச்சல்தான் காரணம் என்று தீர்மானித்து, கையில் கிடைத்த கேபிளுக்கெல்லாம் இரைச்சலைத் தடுக்கும் ஃபெரைட் வளையம் மாட்டினேன். வெளியில் பேட்டரியை மிச்சப்படுத்த வை-ஃபையை அணைத்திருந்தது நினைவுக்கு வர மேலும் இரண்டு மாதம் ஆயிற்று.

துப்பு அந்தப் புதியவரின் பதிவிலேயே இருந்தது. ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால், மோர்ஸின் நீண்ட கோடு ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. வெட்டிய இடத்தில் பின்னணி இரைச்சல்கூட இல்லை. வெளியிலிருந்து வரும் குறுக்கீடு இரைச்சலைக் கூட்டுமே தவிர, இருப்பதைத் துடைத்துவிடாது.

ஆகவே பணப்பையைத் திறக்குமுன் ஆண்டெனாவைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் 'டக்' கேட்டால் லேப்டாப்பைச் சந்தேகியுங்கள். வை-ஃபையை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கேளுங்கள். லேட்டன்சிமான் என்ற நிரலை ஓடவிட்டால், எந்த டிரைவர் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பெயரோடு காட்டிக்கொடுக்கும். சார்ஜர் இருக்கும்போதும் இல்லாதபோதும் சோதியுங்கள். மின்சேமிப்பு அமைப்பும் பேட்டரியைக் கண்காணிக்கும் டிரைவரும்கூடக் குற்றவாளிகளாக இருப்பதுண்டு.

அந்தப் புதியவர் வை-ஃபையை அணைத்ததும் கரகரப்பு நின்றதாம். சவுண்ட் கார்டுக்கு முந்தைய நாளே பணம் கட்டிவிட்டாராம்.

பஃபரை வாரி வழங்குவது

கரகரப்பை நிறுத்தப் பஃபரைப் பெரிதாக்குவோர் உண்டு. வெறுமனே கேட்பவருக்கு அதனால் நட்டமில்லை. மோர்ஸ் அனுப்புபவர் பாடு திண்டாட்டம். விநாடிக்கு 48,000 மாதிரி என்ற வீதத்தில் பஃபர் 8,192 மாதிரி என்றால் 171 மில்லிவிநாடித் தாமதம். நிமிடத்துக்கு 20 சொல் வேகத்தில் ஒரு புள்ளியின் நீளமே 60 மில்லிவிநாடிதான். நீங்கள் அடித்த புள்ளி ஏறக்குறைய மூன்று புள்ளி நேரம் கழித்துக் காதில் விழுந்தால் கை தடுமாறாமல் என்ன செய்யும்?

இரண்டு கடிகாரங்கள்

மாதிரி வீதத்தை எல்லா இடத்திலும் 48,000 என்றே வைத்திருந்தும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மட்டும் 'டக்' வருகிறதா? உள்ளே வரும் ஒலிக்கு ஒரு கருவி, வெளியேறும் ஒலிக்கு இன்னொன்று என்று வைத்திருப்பீர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரத்தை அளக்கும் தனிப் படிகம். பத்து லட்சத்துக்கு 50 என்ற சிறு வித்தியாசம்கூட விநாடிக்கு 2.4 மாதிரி, 14 நிமிடத்தில் 2,048 மாதிரி விலகிவிடும். இரண்டுக்கும் ஒரே கருவியை வையுங்கள்.

ஒலி மேம்பாடுகள்

விண்டோஸ் தானாகச் செய்யும் இரைச்சல் நீக்கம் போன்றவற்றை அணைத்துவிடுங்கள். எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறையின் மெல்லிய சமிக்ஞை, இரைச்சல் நீக்கிக்கு வெறும் இரைச்சல்தான்.

யு.எஸ்.பி. ஹப்

வேண்டாம். ரேடியோவை நேரே லேப்டாப்பில் செருகுங்கள்.

மைக் துளை

பெரும்பாலான லேப்டாப்புகளில் அது ஒற்றை ஒலித்தடம். ஒரே சமிக்ஞையை ஐ, கியூ என இரண்டு தடமாகத் தரும் வாங்கியை அதில் செருகினால், ஒவ்வொரு நிலையமும் திரையில் மைய அதிர்வெண்ணின் இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் இரண்டாகத் தெரியும். தனி சவுண்ட் கார்டு உண்மையிலேயே தேவைப்படும் இடம் இதுதான். அதிலும் ஸ்டீரியோ லைன்-இன் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.