ரப்பர் புரையும் கெமிஸ்ட்ரி பாடமும்: அமிலம், காரம், உப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் குலசேகரம், கீரிப்பாறை பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆசிட் புதுச் சாமான் இல்லை. வெட்டியெடுத்த ரப்பர் பாலை அரித்து, தண்ணீர் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, நீர்த்த பார்மிக் அமிலம் கலந்து உறைய வைப்பதைப் பார்த்தே வளர்கிறார்கள். ஆனால் ஒன்பதாம் வகுப்பில் அமிலங்கள், காரங்கள், உப்புகள் பாடம் வந்ததும் புரையில், அதாவது ரப்பர் பாலை உறைய வைக்கும் கொட்டகையில், பார்த்தது வேறு, புத்தகத்தில் இருப்பது வேறு என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பாதித் தவறு அங்கேதான் தொடங்குகிறது.

செறிவையும் வலிமையையும் போட்டுக் குழப்புவதைத்தான் அதிகம் பார்க்கலாம். கடையில் கிடைக்கும் பார்மிக் அமிலம் பெரும்பாலும் 85 சதவீதம். கையில் பட்டால் புண்ணாகிவிடும். உடனே 'இது வலிமை மிகு அமிலம்' என்று எழுதிவிடுகிறார்கள். அது செறிவு மிகுந்தது, அவ்வளவுதான். வகையில் வலிமை குறைந்த அமிலம். தண்ணீரில் கரைந்த மூலக்கூறுகளில் எத்தனை பங்கு ஹைட்ரஜன் அயனியை விட்டுக்கொடுக்கின்றன என்பதுதான் வலிமை. 0.1 மோலார் (லிட்டருக்கு 0.1 மோல்) ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஏறக்குறைய எல்லாமே பிரிந்துவிடும், பிஎச் 1 (பிஎச் 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்). அதே 0.1 மோலார் பார்மிக் அமிலத்தில் நூற்றுக்கு நான்கு மூலக்கூறுதான் பிரியும், பிஎச் 2.4 அளவில் நிற்கும்.

இது புரிந்தவர்களும் அடுத்த படியில் சறுக்குவார்கள். நூற்றுக்கு நான்குதான் பிரிகிறது என்றால், நடுநிலையாக்க சோடியம் ஹைட்ராக்சைடும் கொஞ்சம் போதுமே என்று தோன்றும். போதாது. இருக்கிற ஹைட்ரஜன் அயனி செலவாகச் செலவாக, பிரியாமல் கிடந்த மூலக்கூறுகளும் பிரிந்துகொண்டே வரும். கடைசியில் இரண்டு அமிலத்துக்கும் ஒரே அளவு காரம்தான் பிடிக்கும். வித்தியாசம் முடிகிற இடத்தில் இருக்கிறது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் பிஎச் 7-ல் முடியும். 0.1 மோலார் பார்மிக் அமிலத்தோடு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்தால் சுமார் 8.2-ல் முடியும், ஏனென்றால் கிடைக்கும் சோடியம் பார்மேட் சற்றே காரத்தன்மை உள்ள உப்பு. ஆகவே பியூரெட்டைத் திறக்கும் முன் நிறங்காட்டியாகப் பினாப்தலீன்தான் ஊற்றியிருக்கிறோமா என்று பாருங்கள். மெத்தில் ஆரஞ்சு 4.4-க்குள்ளேயே நிறம் மாறி முடித்துவிடும். அளவு தப்பாக வரும்.

வாய்பாட்டில் ஹைட்ரஜனை எண்ணிப் பதில் சொல்வதும் பழைய வியாதி. பார்மிக் அமிலத்தில் இரண்டு ஹைட்ரஜன் உண்டு, ஆனால் ஆக்சிஜனோடு ஒட்டியிருக்கும் ஒன்றுதான் அயனியாக வெளியேறும். அசெட்டிக் அமிலத்தில் நான்கு இருந்தும் கணக்கு ஒன்றுதான். இதற்கு நேர் எதிரான தவறு, ஹைட்ராக்சைடு இல்லாததெல்லாம் காரம் இல்லை என்பது. ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்ப்பார்களே, அதன் வாய்பாட்டில் ஹைட்ராக்சைடு எங்கே இருக்கிறது? அது தண்ணீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொள்கிறது, மிஞ்சுவது ஹைட்ராக்சைடு அயனி. அம்மோனியா போட்ட பாலை உறைய வைக்க ஆசிட் கூடுதலாக வேண்டியிருப்பதும் இதனால்தான். முதலில் ஊற்றுவது அம்மோனியாவோடு வினைபுரிந்தே தீர்ந்துபோகும்.

பிஎச் எண்களைச் சாதாரண எண்களாக வாசிக்காதீர்கள். புது ரப்பர் பாலின் பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கும். 5-க்கு இறங்கும்போது ரப்பர் துகள்களின் மேலுள்ள எதிர்மின் சுமை குறைந்து அவை ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும். இரண்டு படி இறக்கம்தானே என்று தோன்றும். ஒரு படிக்குப் பத்து மடங்கு, ஆக ஹைட்ரஜன் அயனிச் செறிவு 100 மடங்கு கூடியிருக்கிறது.

சரி, உப்புக்கு வருவோம். உப்பு என்றாலே நடுநிலை என்று எழுதுபவர்கள் சாப்பாட்டு உப்பை மட்டும் மனதில் வைத்திருக்கிறார்கள். சலவைச் சோடா உப்புதான், காரத்தன்மை உள்ளது. அம்மோனியம் குளோரைடும் படிகாரமும் உப்புதான், அமிலத்தன்மை உள்ளவை. கடல்நீரே நடுநிலை இல்லை. அதிலுள்ள பைகார்பனேட்டும் கார்பனேட்டும் சேர்ந்து பிஎச்சை 8.1 அளவில் வைத்திருக்கின்றன. புத்தளம், சுவாமித்தோப்பு பக்கத்து உப்பளங்களில் பாத்தியில் விளைவதும் வெறும் சோடியம் குளோரைடு என்று நினைக்கக் கூடாது. நீர் சுண்டும்போது கால்சியம் கார்பனேட்டும் ஜிப்சமும் முன்னதாகவே படியும். அப்புறம்தான் சோடியம் குளோரைடு. மக்னீசிய உப்புகள் கடைசிவரை, உப்பு விளைந்தபின் மிஞ்சும் கசப்பு நீரிலேயே தங்கும். அந்த நீரைச் சரியாக வடிக்காத கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆடி மாதச் சாரலில் உப்பு ஜாடி நசநசவென்று ஆவதற்கு அதுவே முக்கியக் காரணம். பழி மட்டும் சோடியம் குளோரைடு மேல்.

கைகாரியத்தில் நடக்கும் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் ஆபத்து இவற்றில்தான் அதிகம். அடர் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். தண்ணீரில் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்குங்கள். கந்தக அமிலத்தில் இதை மாற்றிச் செய்தால் சூட்டில் கொதித்து முகத்தில் தெறிக்கும். தோலில் ஆசிட் பட்டால் ஆப்ப சோடாவைத் தேடி ஓடாதீர்கள். நடுநிலையாக்கல் வெப்பத்தை வெளியிடும் வினை, வெந்த தோலுக்கு அது இன்னும் கேடு. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடமாவது விடாமல் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். கழிவறை ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்துப் போடவே கூடாது. வருவது குளோரின் வாயு.

வீட்டில் சோதனை செய்பவர்கள் மஞ்சளிடம் ஏமாறுகிறார்கள். சுண்ணாம்பு பட்டால் சிவக்கும், சரி. சிவக்கவில்லை என்பதால் அமிலம் என்று எழுதிவிட முடியாது. எலுமிச்சைச் சாற்றிலும் வெறும் தண்ணீரிலும் அது மஞ்சளாகவே இருக்கும். அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க, செம்பருத்தி இதழை வெந்நீரில் ஊறவைத்த சாறு போதும். எலுமிச்சைச் சாறு விட்டால் அடர் ரோஜா நிறமாகும், சோப்புத் தண்ணீர் விட்டால் பச்சையாகும்.