தமிழ் வலைப்பதிவு கூகுளில் கிடைக்க: புதியவர்களுக்கான எஸ்இஓ

எஸ்இஓ என்பது தேடுபொறியில் நம் பதிவு எளிதாகக் கிடைக்கும்படி செய்யும் வேலை. அதைப் பற்றித் தேடினால் கருவி விற்பவர்களும் பயிற்சி வகுப்பு விற்பவர்களுமே முன்னால் வந்து நிற்கிறார்கள். எழுதத் தொடங்கும் ஒருவருக்கு அவர்கள் விற்பது எதுவும் தேவையில்லை. ஒரு மாலைப் பொழுது அமைப்புகளுக்கு, பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் சிறிது நேரம். அவ்வளவு போதும். இங்கே பிளாகர் என்ற வலைப்பதிவுத் தளத்தை எடுத்துக்கொள்கிறேன். அது இலவசம், 2003 முதல் கூகுளின் கையில் இருக்கிறது. வத்தக்குழம்பு செய்முறை ஒன்றை வெளியிடப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: அமைப்புகள்

அமைப்புகளில் தனியுரிமைப் பகுதியைத் திறந்து, தேடுபொறிகளுக்கு வலைப்பதிவு தெரியலாம் என்ற தேர்வு இயக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சற்றுக் கீழே தேடல் விளக்கத்துக்கான (தேடல் முடிவில் தலைப்புக்குக் கீழே வரக்கூடிய சிறு குறிப்பு) பொத்தான் இருக்கும், அதையும் இயக்குங்கள். அடுத்து, அதே கூகுள் கணக்கில், தேடலில் உங்கள் தளம் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கூகுளின் சர்ச் கன்சோலுக்குப் போய் வலைப்பதிவின் முகவரியைச் சேர்த்து, சைட்மேப்பைக் கொடுங்கள். சைட்மேப் என்பது உங்கள் பதிவுகளின் முகவரிப் பட்டியல். பிளாகர் அதைத் தானாகவே உருவாக்கி வைத்திருக்கிறது. இந்த வேலை ஒருமுறைதான்.

படி 2: வாசகர் தட்டும் சொல்லைக் கண்டுபிடித்தல்

வேலையில் முக்கால் பங்கு இங்கேதான். வத்தக்குழம்பு, வத்தக் குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு என்று ஒரே குழம்பை நான்கு விதமாக எழுதுகிறோம். ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்கள் வேறு. சொல்லோடு சேரும் வேற்றுமை உருபுகளும் உண்டு. ஆங்கிலப் பதிவர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகள் இந்தச் சிக்கலைத் தொடுவதே இல்லை.

உலாவியில் மறைநிலைச் சாளரத்தைத் திறந்து, ஒவ்வொரு வடிவத்தையும் கூகுளில் பாதி தட்டி நிறுத்துங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மற்றவர்கள் தேடியவற்றிலிருந்து வருபவை. ‘சுண்டைக்காய்’, ‘பிராமணர் வீட்டு முறை’, ‘கெட்டுப்போகாமல்’ போன்ற சேர்க்கைகள் தென்பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். பதிவுக்குள் சொல்ல வேண்டியவை அவையே. எந்த எழுத்து வடிவம் முந்துகிறது என்பதை, சொற்கள் எந்த அளவு தேடப்படுகின்றன என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் ஒப்பிடலாம். நாட்டை இந்தியா, இலங்கை என்று மாற்றிப் பாருங்கள். அரிதான சொற்களுக்குப் போதிய தரவு இல்லை என்று அது கைவிரிப்பதும் உண்டு.

முந்தும் வடிவம் தலைப்புக்கு. மற்றொன்றை, ‘சிலர் இதை வற்றல் குழம்பு என்பார்கள்’ என்று வாக்கியத்தோடு வாக்கியமாகச் சொல்லிவிடலாம். எல்லா வடிவங்களையும் பதிவின் அடியில் வரிசையாகக் கொட்டாதீர்கள். சொல் திணிப்பைக் கூகுள் தன் விதிகளிலேயே குப்பை என்று வகைப்படுத்தியிருக்கிறது. பக்கத்தின் நிரலில் வாசகர் கண்ணில் படாமல் இருக்கும் ‘கீவேர்ட்ஸ்’ மெட்டா குறியில் சொற்களை அடுக்கச் சொல்பவரையும் நம்ப வேண்டாம். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது.

படி 3: தலைப்பும் முகவரியும்

‘பாட்டியின் கைமணம்’ அழகான தலைப்புதான். ஆனால் பசியோடு தேடுகிறவர் அதைத் தட்டப்போவதில்லை. ‘வத்தக்குழம்பு செய்வது எப்படி: ஒரு வாரம் தாங்கும் முறை’ என்று பொருளை முன்னால் வையுங்கள். நீண்ட தலைப்பின் வால் தேடல் முடிவில் வெட்டுப்படும். பாட்டி உள்ளே வரட்டும்.

தலைப்பு தமிழில் இருந்தால் பிளாகர் அதிலிருந்து முகவரி அமைக்காது. ‘பிளாக் போஸ்ட்’ என்ற பொதுச் சொல்லையும் சில எண்களையும் போட்டு முடித்துவிடும். ஆகவே வெளியிடுவதற்கு முன்பே வலப்பக்கப் பட்டையில் நிரந்தர இணைப்பைத் திறந்து, குழம்பின் பெயரை ஆங்கில எழுத்தில் சிறுகோடிட்டுக் கொடுங்கள். இதனால் தரவரிசை தாவி ஏறிவிடாது. வாட்ஸ்அப்பில் பகிரும்போது இணைப்பு எதைப் பற்றியது என்று பார்ப்பவருக்குத் தெரியும், அவ்வளவே. முன்பே வெளியான பதிவுகளின் முகவரியைத் தொடாதீர்கள். பகிரப்பட்ட பழைய இணைப்புகள் உடைந்துபோகும்.

அதே பட்டையில் தேடல் விளக்கம் இருக்கிறது. இரண்டு வாக்கியம் போதும்.

படி 4: பதிவின் உடல்

செய்முறையைப் படமாக வடிவமைத்துப் போடும் பழக்கம் நம்மிடம் அதிகம். அதை மட்டும் நம்பாமல் முழுச் செய்முறையையும் யூனிகோட் எழுத்தில் தாருங்கள். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டியவை தேடுபொறிக்குத் தமிழாகவே தெரியாது. துணைத்தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கி விட்டுவிடாமல், எழுதும் பலகையின் தலைப்புப் பாணியில் கொடுங்கள். படத்தைச் சொடுக்கி மாற்று உரையில் ‘மண்சட்டியில் சுண்டைக்காய் வத்தக்குழம்பு’ என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானும் அதைத்தான் படிக்கும்.

உங்கள் பழைய குழம்புப் பதிவு ஒன்றிலிருந்து இந்தப் பதிவுக்கு இணைப்புக் கொடுங்கள். ‘இங்கே சொடுக்கவும்’ என்பதில் இல்லாமல் ‘வத்தக்குழம்பு’ என்ற சொல்லிலேயே இணைப்பு இருக்கட்டும். காசு கொடுத்துப் பிற தளங்களிலிருந்து இணைப்பு வாங்கும் பேச்சே வேண்டாம்.

படி 5: எண்களைப் படித்தல்

சர்ச் கன்சோலின் மேல்பெட்டியில் பதிவின் முகவரியை இட்டு, கூகுளின் தேடல் பட்டியலில் சேர்க்குமாறு கோரலாம். சேர்வதற்குச் சில நாள்களோ சில வாரங்களோ ஆகும். ஒரு முகவரிக்கே திரும்பத் திரும்பக் கோருவதால் வேகம் கூடாது.

பிறகு செயல்திறன் அறிக்கையில் தேடல் சொற்களைப் பாருங்கள். 16 மாதத் தரவு வரை அங்கே கிடைக்கும். முடிவுகளில் பலமுறை தோன்றியும் யாரும் சொடுக்கவில்லை என்றால் தலைப்பையும் விளக்கத்தையும் திருத்துங்கள். ‘வத்தக்குழம்பு கசக்காமல் இருக்க’ என்பதுபோல் நீங்கள் எழுதவே எழுதாத ஒரு தேடலுக்கு உங்கள் பக்கம் எட்டிப்பார்த்திருந்தால், சுண்டைக்காயை எந்தப் பக்குவத்தில் வறுப்பது என்று ஒரு பத்தி சேர்த்து, பதிவைப் புதுப்பித்துவிடுங்கள்.