கண்ணாடியில் ஒட்டிய தாத்தா படத்தைப் பிரிக்காதீர்கள்

என் ஃபிரேம் கடைக்கு வரும் பழைய படங்களில் பல, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டவைதான். கறுப்பு வெள்ளைப் படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின் என்ற பசை போன்ற பொருள். மழைக்கால ஈரத்தில் இளகி, காயும்போது கண்ணாடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிளேடு விட்டுக் கிளப்பினால் தாத்தாவின் மூக்கு கண்ணாடியோடு வந்துவிடும்.

கண்ணாடியோடேயே ஸ்கேன் எடுங்கள். ஸ்கேனரில் நுணுக்க அளவை 600 டிபிஐ என்று வைத்தால் போதும். அதற்குமுன் கண்ணாடி மேலுள்ள சந்தனம், குங்குமத்தைத் துடைக்க வேண்டும். துணியை நனைத்து, நன்றாகப் பிழிந்து துடையுங்கள். கண்ணாடியில் நேராகத் தண்ணீர் தெளித்தால் ஓரம் வழியாக உள்ளே இறங்கிவிடும்.

ஒட்டாத படம் என்றால் கவலையில்லை. பின்பக்க ஆணிகளைக் குறட்டால் பிடுங்கி, பழைய அட்டையையும் செய்தித்தாளையும் எடுத்துவிடுங்கள். அவற்றின் அமிலம் படத்தை மஞ்சளாக்கும். படத்தின் பின்னால் ஸ்டூடியோ முத்திரை இருந்தால் அதையும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தூசியை மெல்லிய பிரஷால் தட்டினால் போதும். ஓரங்களில் நீலம் கலந்த மினுமினுப்பு தெரிகிறதா? அழுக்கில்லை, படத்திலுள்ள வெள்ளியே மேலே வந்திருக்கிறது. தேய்க்காதீர்கள்.

அப்புறம் ஃபிரேம். படத்தைச் சுற்றி வைக்கும் தடித்த அட்டைதான் மவுண்ட் போர்டு; அதை ‘ஆசிட் ஃப்ரீ’ (அமிலமில்லாதது) என்று கேட்டு வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தேக்குச் சட்டத்துக்குக் கொடுக்கிற காசை இதில் போடலாம். படம் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட் இடைவெளி விட வேண்டும். பசை, செல்லோடேப் கூடாது; நான்கு மூலைகளிலும் முக்கோணமாக மடித்த காகித மூலை போட்டு, அதில் படத்தைச் செருகுங்கள். மாட்டும்போது குளியலறைச் சுவரையும் வெயில் விழும் சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.